பின்னால் வருகிற வண்டி

1

போன சனிக்கிழமை ஓட்டம் முடிந்து மூச்சு வாங்க நின்றபோது, மேசையில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர் பெண்மணி, “இந்தியா எப்படி இருந்தது?” என்று கேட்டார். “ரொம்ப நன்றாக இருந்தது, நல்ல வெயில்” என்றேன். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பின்னால் நிற்கிற வரிசை முகம் சுளிக்கும். அதனால் உள்ளதை உங்களுக்கு எழுதுகிறேன். மதுரையில் யாரும் வரிசையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

வட இங்கிலாந்தில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. வந்து இருபது வருஷத்தை நெருங்குகிறது. சனிக்கிழமை காலைகளில் ஊர்ப் பூங்காவில் ஒரு பொது ஓட்டம் நடக்கும். ஐந்து கிலோமீட்டர். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர், நாயோடு ஓடுகிறவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறவர், எல்லாரும் உண்டு. கடைசியாக வருகிறவர் மனம் கஷ்டப்படக் கூடாதென்று அவருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். பெரும்பாலும் அவருக்கு முன்னால் போகிற ஆள் நான்தான். முதல் தடவை முடித்துவிட்டுக் கிளம்பும்போது, நம் ஊர்ப் பழக்கத்தில் “போயிட்டு வாரேன்” என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். பாவம் அந்த மனிதர், நான் திரும்பி வரப்போகிறேன் என்று கேட்டைப் பூட்டாமல் காத்திருந்தாராம்.

எனக்கு ஓட்டத்தில் ஆசை ஒன்றும் கிடையாது. ஆசையெல்லாம் என் மகள் யாழினிக்கு. பதினைந்து வயது. அறைக்கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பாள். தமிழ் எல்லாம் புரியும். பேசச் சொன்னால் துண்டு துண்டாக வரும், அதுவும் சண்டைக்குத் தேவையானது மட்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று மிச்சம் இருந்தது அந்தச் சனிக்கிழமை ஓட்டம் ஒன்றுதான். அதற்காகத்தான் மூட்டு வலியோடு நானும் போகிறேன்.

இந்த வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்: “மதுரைக்கு நான் வரவில்லை. அங்கே என்னை எங்கேயும் விடமாட்டார்கள். சோபாவில் உட்காரவைத்து முறுக்கு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.” பொய் என்று மறுக்க முடியவில்லை. பிறகு அவளே போனில் தேடி, மதுரையில் ஆனையூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மாதிரி ஓட்டம் நடப்பதைக் கண்டுபிடித்தாள். “அதற்கு விட்டால் வருகிறேன். யாரும் என்னைக் காவல் காக்கக் கூடாது” என்றாள். ஆனையூரில்தான் என் அண்ணன் வீடு. சரியென்றேன். இந்தத் தடவை கசந்துபோனால் இனி அவள் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு மதுரைக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சே இல்லாமல் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் டிக்கெட் போட்டேன்.

2

கிளம்புவதற்கு முன்னால் அவளுக்குப் புது ஷூ வாங்கப் போனோம். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: காலை நுழை, எழுந்து நில், கடிக்கவில்லையா, பில் போடு. இங்கே ஓடுகிறவர்களுக்கென்றே தனிக் கடை. கடைக்காரர் அவளை ஓடும் மெஷின் மேல் ஏற்றி, கணுக்காலுக்குப் பின்னால் கேமரா வைத்துப் படம் எடுத்தார். அதை மெதுவாக ஓட்டிக் காட்டி, “இடது பாதம் உள்பக்கம் சாய்கிறது, பார்த்தீர்களா?” என்றார். பெற்றவள் நான் இத்தனை வருஷமாகக் கவனித்ததில்லை. சுருக்கென்றது. ஒன்று மாற்றி ஒன்றாகப் பல ஜோடிகள் வந்தன. கட்டைவிரலால் ஷூவின் மூக்கை அமுக்கி, விரலுக்கு முன்னால் இவ்வளவு இடம் வேண்டும், ஓடும்போது கால் வீங்கும் என்று விளக்கினார். கடைசியில் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை யாழினி எடுத்தாள்.

“வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பாருங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், வெளியே போட்டு மண் படாமல் இருந்தால் போதும்” என்றார் கடைக்காரர். அங்கேதான் வந்தது வினை. எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டாது. அவள் அப்பா பிடிவாதமாக நின்றார். “இந்த ஊருக்கு வந்து எதையெதையோ விட்டுக் குடுத்தாச்சு. சாமி படம் இருக்கற எடத்துல செருப்பா?” புதுசுதானே, தரையில் படவே இல்லையே என்று அவள் வாதாடினாள். முடிவில் ஹாலில் ஒரு பழைய போர்வையை விரித்தோம். அதன்மேல் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க, இவர் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி போர்வையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க ஆட்கள் எல்லாருக்கும் பைத்தியம்” என்றாள் யாழினி இங்கிலீஷில். அந்த ‘உங்க ஆட்களில்’ அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது எனக்கு உறைத்தது.

அதே வாரம் விசா விண்ணப்பம். இங்கே பிறந்தவள் ஆயிற்றே, என் ஊருக்கு வர அவள் அனுமதி கேட்க வேண்டும். போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திரும்பியது. பிறகு, உடம்பில் காணக்கூடிய அடையாளம் என்ன என்று ஒரு கட்டம். “எதற்கு? நான் குற்றவாளியா?” என்றாள். பூங்காவில் விழுந்து வாங்கிய முழங்கால் தழும்பை எழுதச் சொன்னேன். தாய், தகப்பன் பிறந்த ஊர் மதுரை, மதுரை என்று இரண்டு தடவை எழுதிய பிறகும் வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டது. ‘ஓடுவதற்கு’ என்று தட்டியிருந்தாள். விசா அதிகாரி என்ன நினைப்பாரோ என்று அதை அழித்துவிட்டு, ‘உறவினரைப் பார்க்க’ என்று போட்டேன்.

3

மதுரையில் ஆடி மாதம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் மைக்செட். அண்ணனுக்குச் சிம்மக்கல்லில் அரிசி மொத்த வியாபாரம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். அப்பா போனதிலிருந்து எனக்கு அப்பா ஸ்தானமும் அவன்தான் என்று அவனாகவே பொறுப்பு எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கும்போது மெதுவாக ஓட்டத்தைப் பற்றி எடுத்தேன்.

“விடியறதுக்கு முந்தியா? அம்புட்டு இருட்டுலயா?” என்றான்.

“கூட நெறையப் பேரு வாராகண்ணே. டாக்டருங்க, காலேஜ் வாத்தியாருங்க. பொம்பளைகளும் ஓடுறாக.”

“டவுசரு போட்டுக்கிட்டா ஓடப்போறா?” என்று மதினி கேட்டார். அண்ணன் மனைவி. கேட்டதில் குத்தல் இல்லை, தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற கவலைதான். யாழினிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய், முழுக்கால் பேண்ட் ஒன்றை எடுத்துவந்து, “இது ஓகேவா அத்தை?” என்று தமிழில் கேட்டாள். என் மகள் தானாக விட்டுக்கொடுத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “சரி, போகட்டும். மருமக ஆசப்படுறா” என்றான். எழுந்து மாடிக்குப் போய் யாருக்கோ போன் பேசினான். இவ்வளவு சீக்கிரம் அவன் இறங்கிவந்து நான் கண்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

4

ஓட்டம் ஒரு பள்ளி மைதானத்தில் தொடங்கி, கண்மாய்க் கரைச் சாலையில் போய், நான்குவழிச் சாலை வருவதற்கு முன்னால் திரும்பி, அதே வழியில் வந்து முடியும். இருட்டில் நாற்பது ஐம்பது பேர் நின்றோம். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர் அம்மா. யாழினியின் ஷூவைப் பார்த்துவிட்டு, “அட, இந்த மாடல் இங்க வர்றதே இல்ல” என்று குனிந்து தொட்டுப் பார்த்தார். யாழினி சிரித்தாள். தன் போனை என் இடுப்புப் பையில் திணித்தாள். விசில் ஊதியதும் போய்விட்டாள். வேகமாக ஓடுகிற ஆண்கள் பத்து கிலோமீட்டருக்காக வேறு பாதையில் பிரிந்துவிட, கரையில் எல்லாருக்கும் முன்னால் அவள் மட்டும்.

நான் வழக்கம்போலக் கடைசியில், இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டே போனேன். எங்களைத் தாண்டி யார் யாரோ திரும்பி வர ஆரம்பித்தார்கள். யாழினி வரவில்லை. ஷூவில் கல் புகுந்திருக்கும், தண்ணீர் குடிக்க நின்றிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். திரும்புகிற இடத்தில் விளக்குக்கு அடியில் தண்ணீர்க் கேனோடு ஒருவர் நின்றார்.

“என் மக எப்பத் திரும்புனா? ஆரஞ்சு ஷூ.”

அவர் என்னையும் சாலையையும் பார்த்தார். “அப்பிடி யாரும் இன்னும் வரலையே மேடம். மொதல்ல வந்தது ஒரு பையன்.”

எல்லாருக்கும் முன்னால் ஓடியவள். இருப்பது ஒரே பாதை. எதிரே வரவும் இல்லை, இங்கே வந்து சேரவும் இல்லை. கரையின் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கருவேலம். எனக்குக் காது அடைத்துவிட்டது. “யாழினீ” என்று கத்தினேன். கோயில் மைக்செட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வந்த வழியே ஓடினேன், இருபது வருஷத்தில் அப்படி ஓடியதில்லை. தண்ணீர் ஓரமாகப் பார்க்கப் பயம், பார்க்காமல் போகவும் பயம். அவள் போன் என் பையில் இருந்துகொண்டு இடுப்பில் அடித்துக்கொண்டே வந்தது.

டாக்டர் அம்மா ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கரையிலிருந்து இறங்குகிற தெரு ஒன்றில் நுழைந்தோம். பால் வாங்க நின்றவரிடம் கேட்டோம். தெரியாதென்றார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டோம். “ஒரு புள்ள அழுதுக்கிட்டே ஓடுச்சு, அந்தா சர்ச்சுப் பக்கம்” என்றார். அழுதுகொண்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்கூட்டரைத் திருப்பும்வரைகூட நிற்காமல் ஓடினேன்.

சர்ச்சில் ஞாயிறு முதல் ஆராதனைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. படிக்கு அருகே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, குழந்தைகளின் செருப்பு, அவற்றுக்கு நடுவே என் மகளின் ஆரஞ்சு ஷூ, நாடா அவிழ்த்து ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி. பயந்து ஓடிவந்தவளை வாசலில் இருந்தவர்கள், “செருப்பக் கழட்டிட்டு உள்ள வாம்மா” என்றார்களாம். அந்த நிலையிலும் குனிந்து நாடாவை அவிழ்த்திருக்கிறாள். உள்ளே கடைசி பெஞ்சில், ஒரு டீச்சர் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிர் வந்தது.

கேட்டருகே சத்தம். ஒரு மொபெட் கீழே கிடந்தது. இரண்டு மூன்று பேர் ஒரு ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம். “வெளக்க அணைச்சுக்கிட்டுப் பொட்டப்புள்ள பின்னாடி வாரியா?” என்று ஒருவர் மறுபடி கையை ஓங்கினார். அந்த ஆள் நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. பாண்டி. என் அண்ணன் கடையில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறவர்.

“அட, நீங்களா!” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாக, வாய்விட்டு.

யாழினி படியில் வந்து நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

“இவரு எங்க அண்ணன் அனுப்புன ஆளுங்க” என்று நான் சொன்னதும் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. “அத மொதல்லயே சொல்ல வேண்டியதானய்யா?” என்றார் அடித்தவர். “சொன்னேன், யாரு கேட்டா?” என்று பாண்டி தோள்துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். என்னிடம், “பாப்பாவுக்குத் தெரியாமப் போகணும்னாரு முதலாளி, அக்கா. அதான் லைட்ட அணைச்சேன். பாப்பா நின்னா நின்னேன், ஓடுனா ஓட்டுனேன்” என்றார். சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். இருட்டில், விளக்கில்லாத வண்டி, அவள் நின்றால் நிற்கிறது, ஓடினால் வருகிறது. அவளுடைய இங்கிலாந்துப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: யாராவது பின்தொடர்ந்தால் வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்கு ஓடு, ஒரு பெண்ணிடம் சொல். அவளும் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

ஸ்கூட்டரில் அவளை ஏற்றிவிட்டு நான் நடக்க நினைத்தேன். அவள் ஏறவில்லை. ஷூ நாடாவை முடிந்துகொண்டே, தலை நிமிராமல், இங்கிலீஷில் சொன்னாள்: “நீ சிரித்தாய்.”

“பயம் விட்டுப் போச்சும்மா, அதான்…”

“நான் செத்துவிடுவேன் என்று நினைத்து ஓடினேன். அந்த ஆளின் வாயில் ரத்தம். நீ சிரித்தாய்.”

ஏன் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது டியூஷன் முடித்து வருகையில் அண்ணன் சைக்கிளில் என் பின்னால் வருவான். பக்கத்தில் வரமாட்டான், பேசமாட்டான். அவன் சைக்கிள் செயின் கவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். கேட்டால் எரிச்சலாக வரும், கேட்காத அன்றைக்கு வேகமாக நடப்பேன். நம் ஊரில் பெண்பிள்ளை மேல் பாசம் என்பது அப்படித்தான் வரும், கொஞ்ச தூரம் விட்டு, பின்னால். பாண்டியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சத்தம் கேட்ட நிம்மதிதான் எனக்கு வந்தது. மகள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு நிம்மதி. இதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அவள் மன்னிக்கப்போவதில்லை.

வீட்டில் அண்ணனைப் பிடித்தேன். “என்னண்ணே பண்ணிவச்சிருக்க? கூட ஆள் வரக்கூடாதுன்னுதான அவ கேட்டா?”

“ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“ஆச்சே! ஒன்னாலதான் ஆச்சு! அந்த மனுசன் வாங்குன அடிக்கு யாரு பதில் சொல்றது?” அவனிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் மிக்ஸி நின்றது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக.

மத்தியானம் இங்கிலாந்திலிருந்து கணவர் கூப்பிட்டார். “என்ன செல்வி, டிக்கெட்ட மாத்தி உடனே அனுப்புங்கறா. இனிமே அங்க வரவே மாட்டாளாம். என்னாச்சு?” சொன்னேன். ரெண்டு மூணு நாள் பொறுங்க என்றேன், எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாழினி அறையை விட்டு வரவில்லை. மதினி தட்டைக் கொண்டுபோய்க் கதவருகே வைத்துவிட்டு, தொட்டிருக்கிறாளா என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

செவ்வாய்க்கிழமை காலை தானாக வெளியே வந்தாள். “அந்தப் பாண்டி அண்ணன்கிட்ட ஸாரி சொல்லணும்” என்றாள், தமிழில். கூட்டிப்போனேன்.

சிம்மக்கல்லில் லாரியும் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. பாண்டி முதுகில் மூட்டையோடு லாரிக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தார். உதடு இன்னும் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினார். கல்லாவில் இருந்த அண்ணன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான். மற்ற ஆட்களும் நின்றுவிட்டார்கள்.

“மன்னிச்சிருங்க. என்னால உங்களுக்கு அடி” என்றாள் யாழினி. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தது இதைத்தான் போலிருக்கிறது.

“அட, நீ என்ன பண்ணுவ பாப்பா. நீ ஓடுனதுதான் சரி. எம் மகளா இருந்தாலும் அப்பிடித்தான் ஓடச் சொல்லுவேன்.” பாண்டி கல்லாப் பக்கம் திரும்பினார். “முதலாளி, மூட்டை தூக்கச் சொல்லுங்க, எம்புட்டுன்னாலும் தூக்குறேன். இந்த மாதிரி வேலைக்கு இனிமே என்னைய அனுப்பாதீக.”

இத்தனை பேர் முன்னால் அண்ணனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவன் முகம் கறுத்தது. வேலையை விட்டு நில் என்று சொல்லிவிடுவானோ என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன். கல்லாவை விட்டு இறங்கி வந்து பாண்டியின் எதிரே நின்றான்.

“லைட்ட அணைக்கச் சொன்னது நான்தான்டா. தப்பு என்னோடது” என்றான். பிறகு யாழினியைப் பார்க்காமல், “அடுத்த வாரம் யாரும் வரவேணாம். நானே பின்னாடி வாரேன்” என்றான்.

“அண்ணே!” என்றேன்.

யாழினி என்னைக் கையமர்த்தினாள். “வண்டியிலயா மாமா?”

“பின்ன?”

“வண்டி வேணாம். பின்னாடி வரணும்னா ஓடி வாங்க.”

முதலில் சிரித்தது பாண்டிதான். பிறகு கடையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. “ஏன், ஓட மாட்டேன்னு நெனச்சியா?” என்று வேட்டியை இறுக்கிக்கொண்டான். அன்றைக்கு ராத்திரி அவள் டிக்கெட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. மாற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

7

டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஷூ கடை. அண்ணன் வாழ்நாளில் ஷூ போட்டது கல்யாணத்தன்று மட்டும். கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் வளைத்துப் பார்த்து, “எம்புட்டு வருசம் ஒழைக்கும்?” என்று கேட்டான். கறுப்பாக வேண்டும், கோயிலுக்கும் போட்டுப் போகிற மாதிரி வேண்டும் என்றான். யாழினி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் ஒன்றை அவன் காலில் மாட்டி, மண்டியிட்டு உட்கார்ந்து, மூக்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அண்ணன் பதறிக் காலை மேலே தூக்கிக்கொண்டான். “அய்யய்யோ, மருமக காலத் தொடக் கூடாது, எந்திரி.” அவள் இடது கையால் காலை இழுத்து மறுபடி தரையில் வைத்தாள். “மாமா, எந்திரிச்சு நில்லுங்க. விரல அசைங்க.” அவன் கூச்சத்தோடு நின்று விரலை அசைத்தான். உட்கார்ந்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வாசல்வரை வந்தார். “சுகர் மாத்திரைய முழுங்கிட்டுப் போறாரு, எங்கயாச்சும் விழுந்துறப் போறாரு, பாத்துக்க செல்வி” என்றார். அண்ணன் கடன் வாங்கிய டிராக் பேண்டும் திருநீறுமாக மைதானத்தில் நின்றான். விசில் ஊதியதும் யாழினி போய்விட்டாள். ஆரஞ்சு ஷூவை மட்டும் குறிவைத்து அவன் ஓடினான். கரையில் ஏறியதுமே மூச்சு இரைத்தது. எனக்கு அவனைப் பார்க்கவும் பயம், அவளைப் பார்க்கவும் பயம்.

கரை வளைகிற இடத்தில் கருவேலம் மறைத்தது. அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். அண்ணன் நின்றுவிட்டான்.

“செல்வி, புள்ள தெரியலயே.”

“ஆமாண்ணே.”

“ஒரு போனப் போடேன்.”

“அவ போன் எங்கிட்டதான் இருக்கு.”

பின்னால் ஒரு பால்காரர் வண்டி வந்தது. அண்ணனின் கை தானாக உயர்ந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. “விடு. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன். பாத்துட்டு இங்கயே வந்துர்றேன்” என்றான். என்னைப் பெற்றவன் மாதிரி இருந்தவன், என்னிடம் கெஞ்சினான். உண்மையைச் சொல்கிறேன், அந்த வண்டியில் ஏறிப்போய்ப் பார்க்க அவனைவிட எனக்குத்தான் தவித்தது. கையை விடவில்லை. பால்காரர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

“அவ எங்க இருக்கான்னு தெரியாமயேவா ஓடுறது?” என்றான்.

“தெரியாமத்தாண்ணே.”

ஓடினோம். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. வளைவைத் தாண்டினோம், அங்கேயும் அவள் இல்லை. சாலை நீளமாகக் கிடந்தது. யாரோ இரண்டு பேர் எதிரே திரும்பி வந்தார்கள், அவள் இல்லை. அண்ணன் இருமினான், நிற்கவில்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. வெகுதூரத்தில் ஆரஞ்சாக ஏதோ அசைந்தது. நானாக நினைத்துக்கொள்கிறேன் என்று முதலில் நம்பவில்லை.

வேர்த்து விறுவிறுத்து வந்தாள். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவில்லை. தாண்டும்போது அண்ணனின் தோளில் படீரென்று ஒரு தட்டு தட்டி, “மாமா, ரொம்ப ஸ்லோ! அடுத்த வருஷம் இன்னும் ஃபாஸ்ட்டா ஓடணும்!” என்று கத்திக்கொண்டே போய்விட்டாள்.

மூச்சிரைப்பில் அண்ணனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. தோளைத் தடவிக்கொண்டே, “என்ன செல்வி, என்னமோ சொல்லிட்டுப் போறா?” என்று கேட்டான்.

“அடுத்த வருசம் வாராளாம்ணே” என்றேன்.